கியோட்டோ ஸ்டேஷன்: மேலே கட்டினால் மலை மறைகிறது, கீழே தோண்டினால் கிணறு?

வரைபலகை:
கட்டடக்கலை நான்காம் ஆண்டு மாணவன். பழமையான ஒரு ஊரில் அதிவேக ரயிலுக்கு நிலையம் வடிவமைக்க வேண்டும், ஊரை நாங்களே தேர்ந்தெடுக்கலாம், இதுதான் இந்தப் பருவத்து வேலை. நான் கியோட்டோவை எடுத்தேன். போன வருஷம் சித்தப்பாவோடு அங்கே நான்கு நாள் இருந்தேன் என்பதைத் தவிர வேறு பெரிய காரணம் இல்லை.

ரயிலிலிருந்து இறங்கும்போது மரக்கோயில், ஓட்டுக்கூரை, பாசி படிந்த கல் என்று எதையோ எதிர்பார்த்துப் போனேன். வெளியே வந்தால் இரும்பும் கண்ணாடியும். மேலே பார்த்தால் 15 மாடி உயரத்துக்கு ஒரு பள்ளத்தாக்கு, அதில் ஏறிக்கொண்டே போகும் படிக்கட்டு, பக்கத்திலேயே துணிக்கடை, மேலே ஓட்டல். ஒரு நிமிஷம் தப்பான ஊரில் இறங்கிவிட்டோமோ என்று தோன்றியது. ஆனால் மறுநாள் மாலை அந்தப் படிக்கட்டில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன், எழுந்திருக்க மனமில்லை. அதனால் இது நல்ல கட்டடமா மோசமான கட்டடமா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகவில்லை.

பழைய ஊரில் புது ஸ்டேஷன் என்றால் ஊரைப் போலவே தெரிய வேண்டுமா, தன் காலத்தைக் காட்ட வேண்டுமா, இல்லை கண்ணுக்கே படாமல் ஒளிந்துகொள்ள வேண்டுமா? அடித்துப் பேசுங்கள், வருத்தப்பட மாட்டேன்.

மெதுவண்டி:
மோசமான கட்டடம். இதில் குழம்ப என்ன இருக்கிறது தம்பி?

கியோட்டோவில் தோஜி என்று ஒரு கோயில், அதன் ஐந்தடுக்குக் கோபுரம் சுமார் 55 மீட்டர், ஜப்பானிலேயே உயரமான மரக்கோபுரம். அதைத் தாண்டி எதுவும் எழும்பக் கூடாது என்பது அந்த ஊரில் எழுதாத சட்டம் மாதிரி இருந்தது. முதலில் 1964இல் ஸ்டேஷனுக்கு எதிரே 131 மீட்டருக்கு கியோட்டோ டவர் வந்தது. அதைக் கொண்டுவந்த சாமர்த்தியத்தைக் கேளுங்கள். 31 மீட்டர் கட்டடத்தைக் கட்டி, அதன் தலையில் 100 மீட்டர் கோபுரத்தை நட்டு, இது கட்டடம் இல்லை, கூரைமேல் நிற்கும் ஒரு அமைப்பு என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் ஊர் பிறந்து 1200 வருஷம் ஆனதைக் கொண்டாடுகிறோம் என்று இந்த ஸ்டேஷனுக்குப் போட்டி வைத்து, 1997இல் கிட்டத்தட்ட 60 மீட்டருக்குக் கட்டி முடித்தார்கள். பிறந்தநாள் பரிசாக யாராவது வாசலை மறித்துச் சுவர் எழுப்பிக் கொடுப்பார்களா? 470 மீட்டர் நீளம்!

அதே சமயத்தில் நகரின் நடுவில் ஒரு ஓட்டலும் 60 மீட்டருக்கு எழும்பியது. அந்த ஓட்டலில் தங்குகிறவர்கள் உள்ளே வர வேண்டாம் என்று கியோமிசு-தேரா போன்ற பெரிய கோயில்கள் அறிவிப்புப் பலகையே வைத்தன. அந்த அளவுக்கு ஊர் கொதித்தது. 2007இல் நகராட்சியே நடுநகரில் உயர வரம்பை 45 மீட்டரிலிருந்து 31 மீட்டராகக் குறைத்தது. செய்தது தப்பு என்று ஒப்புக்கொண்டதாகத்தான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

ஒசாகாவாசி:
மெதுவண்டி அண்ணா சொன்ன உயரக் கணக்கெல்லாம் சரி. ஆனால் இங்கே பலருக்கு இருக்கும் ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். அந்தப் பெரிய கட்டடத்துக்கும் புல்லட் ரயிலுக்கும் நேரடி சம்பந்தம் கிடையாது.

நான் 11 வருஷமாக ஒசாகாவில் இருக்கிறேன், வேலை நிமித்தம் வாரத்துக்கு ஒருமுறையாவது கியோட்டோ போவேன். ஷின்கான்சென், அதாவது புல்லட் ரயில், நிற்பது தெற்குப் பக்கம், ஹச்சிஜோ வாசல். 1964 அக்டோபர் 1 அன்று திறந்தது. தூண்மேல் இரண்டு நடைமேடை, நான்கு தண்டவாளம், கீழே கடைகள், அவ்வளவுதான். யாரும் அதைப் படம் எடுப்பதில்லை. நீங்கள் எல்லாரும் சண்டை போடும் கட்டடம் வடக்கே கராசுமா வாசல் பக்கம் இருப்பது. 1987இல் தேசிய ரயில்வேயைப் பிரித்தபோது ஷின்கான்சென் ஒரு கம்பெனிக்கும் மற்ற பாதைகள் வேறொரு கம்பெனிக்கும் போய்விட்டன, இந்தக் கட்டடம் அந்த இரண்டாவது கம்பெனியின் பக்கம். ஆக, உலகம் கொண்டாடும் 'அதிவேக ரயில் நிலையத்தில்' அதிவேக ரயில் பின்கட்டில்தான் நிற்கிறது.

வடிவமைத்தவர் ஹிரோஷி ஹாரா, ஒசாகாவில் உமேடா ஸ்கை கட்டடத்தைக் கட்டியவரும் அவர்தான். 2025 ஜனவரியில் காலமானார். போட்டிக்கு அழைத்தவர்கள் மொத்தம் ஏழு பேர், அதில் தடாவோ ஆண்டோவும் கிஷோ குரோகாவாவும் இருந்தார்கள். கியோட்டோ 794இல் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு உருவான ஊர், தெருக்கள் இன்றும் செங்குத்தாகத்தான் வெட்டிக்கொள்கின்றன. அந்தத் தெருக்கள் வந்து முட்டும் இடங்களில் கட்டடத்துக்குள் வாசல் மாதிரித் திறப்பு விட்டார் ஹாரா. கூரையிலோ முகப்பிலோ ஒரு ஓடுகூட பழைய பாணியில் இல்லை. ஊரின் வரைபடத்தைத்தான் எடுத்துக்கொண்டார்.

அப்புறம் அந்தப் படிக்கட்டு. 171 படி. வருஷா வருஷம் பிப்ரவரியில் அதில் ஓட்டப்பந்தயம் நடத்துகிறார்கள். மற்ற நாளில் பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவார்கள், தாத்தாக்கள் தூங்குவார்கள், காதலர்கள் நம்மைப் பார்த்ததும் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். காசு கொடுக்காமல் உட்கார இந்த நாட்டில் இவ்வளவு பெரிய இடம் கிடைப்பது அபூர்வம். 45 மீட்டர் உயரத்தில் நடைபாலம் ஒன்றும் இருக்கிறது, அங்கிருந்து வடக்கே மலை தெரியும், நடுவில் அந்த டவரும் நிற்கும்.

மெதுவண்டி:
மலையை மறைத்துக் கட்டிவிட்டு, மலையைப் பார்க்க மேலே ஏறி வா என்கிறார்கள். நல்ல வியாபாரம்.

ஒசாகாவாசி:
அதை மறுக்க என்னிடம் பதில் இல்லை அண்ணா.

செங்கல்சூளை:
ஊரைப் போலவே தெரிய வேண்டும் என்று யாராவது சொல்வதற்கு முன்னால் நம் நாட்டுக் கதையையும் பார்த்துவிடலாம். மும்பை–அகமதாபாத் புல்லட் ரயிலுக்கு அகமதாபாத் ஸ்டேஷன் காலுப்பூரில், இப்போதிருக்கும் ஜங்ஷனின் 10, 11, 12ஆம் நடைமேடைகளுக்கு மேலே வருகிறது. அகமதாபாத் 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஊர், இந்தியாவில் அந்தப் பெருமை முதலில் கிடைத்தது அதற்குத்தான். ஸ்டேஷன் கூரையில் பட்டம் விடும் காட்சி, சுவரில் சிதி சையது மசூதியின் கல் ஜன்னல் வேலைப்பாட்டைத் தழுவிய வடிவம். இதுதான் அறிவித்த வடிவமைப்பு.

சிதி சையது ஜாலியை, அதாவது அந்தக் கல் ஜன்னலை, கிட்டே போய்ப் பார்த்திருக்கிறேன். கல்லில் மரமும் கொடியும் பின்னிப் பின்னிப் போகும், மாலை வெயில் அதன் வழியாகத் தரையில் விழும்போது அந்த நிழலே ஒரு தனி வேலைப்பாடு. அதை அச்சு வார்த்து நூறு மீட்டருக்கு ஒட்டினால் அது ஜாலி ஆகுமா, கல்யாண மண்டப அலங்காரம் ஆகுமா? என் பயமெல்லாம் இதுதான், கட்டி முடித்த பிறகு என் வார்த்தை பொய்யானால் சந்தோஷம்.

ஒன்றை மட்டும் பாராட்ட வேண்டும். ஊருக்கு வெளியே வயல்காட்டில் கொண்டுபோய்ப் போடவில்லை. பழைய ஸ்டேஷனின் தலையிலேயே வைத்ததால் இறங்குகிறவன் பழைய நகரத்துக்கு நடந்தே போகலாம்.

பூனைவால்:
ஊருக்கு வெளியே போட்டால் என்ன? பழைய ஊர் பத்திரமாக இருக்குமே. ஒரு பஸ் விட்டால் முடிந்தது.

செங்கல்சூளை:
அவினியோனில் அதைத்தான் செய்தார்கள். தெற்கு பிரான்ஸ், போப்பாண்டவர்கள் வாழ்ந்த மதில் சூழ்ந்த ஊர். 2001இல் அதிவேக ரயிலுக்கு ஊருக்கு வெளியே அழகான நிலையம் கட்டினார்கள், உண்மையிலேயே அழகு, கவிழ்த்த படகு மாதிரி. அதையும் ஊருக்குள் இருக்கும் பழைய ஸ்டேஷனையும் தண்டவாளத்தால் இணைக்க 2013 வரை ஆனது. 12 வருஷம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றவர்களைக் கேளுங்கள்.

பூனைவால்:
சரி, அப்படியானால் பூமிக்கு அடியில் போட்டுவிடுங்கள். மேலே ஒன்றும் தெரியாது, கோபுரமும் மறையாது, மலையும் மறையாது. இத்தாலியில் பொலோஞாவில் 2013இலேயே அதிவேக ரயிலைத் தரைக்கு அடியில் இருபது மீட்டருக்கும் கீழே கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். ஃபுளோரன்ஸிலும் கட்டுகிறார்கள். இதற்கு மேல் விவாதிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

தூசிவரைபடம்:
ஃபுளோரன்ஸ் என்று சொன்னதால் வருகிறேன், இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

அந்த ஊரின் பழைய ஸ்டேஷனே ஒரு பாடம். 1930களில் ஜொவான்னி மிகெலூச்சி தலைமையில் சில இளைஞர்கள் போட்டியில் வென்று, சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தின் பின்புறத்துக்கு எதிரே, அலங்காரமே இல்லாத தாழ்வான ஒரு கட்டடத்தைப் போட்டார்கள். வந்தபோது ஊரில் பலத்த எதிர்ப்பு. ஆனால் ஊரிலுள்ள பழைய மாளிகைகளின் அதே கல், அதே பழுப்பு நிறம். தேவாலயத்தோடு உயரத்தில் போட்டி போடவில்லை. இன்றைக்கு அதை இடிக்கிறேன் என்று சொன்னால் அதே ஊர் தெருவுக்கு வரும். வரைபலகை தம்பி கேட்ட மூன்றும் இல்லாத நான்காவது வழி இது. ஊரைப் போலவும் இல்லை, கூச்சல் போடவும் இல்லை, ஒளிந்துகொள்ளவும் இல்லை.

அது முட்டுச்சந்து நிலையம். ரோமிலிருந்து வரும் ரயில் உள்ளே போய், திசை மாறி, வந்த வாய் வழியாகவே வெளியேற வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் நிலத்தடி நிலையம். பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர் நார்மன் ஃபாஸ்டரின் அலுவலகம் 2002இல் போட்டியில் வென்றது. கிட்டத்தட்ட 450 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், 25 மீட்டர் ஆழத்துக்கு ஒரு பெட்டி. ஏழு கிலோமீட்டர் சுரங்கம், அது மெதிச்சி குடும்பம் கட்டிய பதினாறாம் நூற்றாண்டுக் கோட்டைக்கு அடியில் போகிறது. வேலை தொடங்கி, வழக்கு, விசாரணை, கைது என்று பல வருஷம் நின்று, 2023இல்தான் சுரங்கம் தோண்டும் இயந்திரம் ஓடத் தொடங்கியது. போட்டியில் வென்ற அன்று பிறந்த பிள்ளை இன்று கல்லூரியையே முடித்திருக்கும்.

இதற்கெல்லாம் மேலே இன்னொன்று. 450 மீட்டர் நீளப் பெட்டியை மண்ணுக்குள் இறக்கினால் அது அணை. ஒரு பக்கத்திலிருந்து மெல்ல நகர்ந்து வரும் நிலத்தடி நீர் அதில் முட்டி நிற்கும், ஒரு பக்கம் மட்டம் ஏறும், மறுபக்கம் இறங்கும். அதனால் இந்தப் பக்கத்துத் தண்ணீரை அந்தப் பக்கம் கடத்திவிடுவதற்கென்றே தனி ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. மேலே ஒன்றும் தெரியாது என்பது உண்மைதான், கீழே தெரியும்.

கிணத்தடி:
இதைத்தான் சொல்லலாம் என்று வந்தேன், தூசிவரைபடம் முந்திக்கொண்டார்.

எங்கள் தெருவுக்குச் சற்றுத் தள்ளிச் சுரங்கம் போட்டார்கள். எந்த வேலை, எந்த நிறுவனம் என்பதெல்லாம் வேண்டாம். ஒருநாள் காலையில் எதிர்வீட்டு ஆழ்குழாயில் மோட்டார் போட்டால் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரை. இயந்திரம் சுழல்வதற்காக மண்ணில் பாய்ச்சும் நுரையாம் அது. இரண்டு நாளில் நின்றுவிட்டது, லாரியில் தண்ணீரும் கொடுத்தார்கள், பொய் சொல்லக் கூடாது. ஆனால் எங்கள் அம்மா அந்தத் தெருத் தண்ணீரில் அதற்குப் பிறகு சோறு வடிக்கவே இல்லை. பரிசோதனைத் தாளை நானே காட்டினேன், "சரிப்பா, நீ குடி" என்றார்.

கியோட்டோவுக்கு வருவோம். அந்த ஊரே தண்ணீர்மேல் உட்கார்ந்திருக்கிறது. மூன்று பக்கம் மலை, நடுவில் கிண்ணம் மாதிரிப் பள்ளம், கிண்ணத்தில் சரளைக்கல்லும் மணலும், அதற்குள் பிவா ஏரிக்குக் கிட்டத்தட்ட ஈடான நீர் இருப்பதாகப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். பிவா ஜப்பானின் மிகப் பெரிய ஏரி. தோஃபு, யூபா (சோயாப்பால் ஆடை), தேநீர் விருந்து, துணிச் சாயம், சாக்கே (அரிசி மது), எல்லாம் அந்த மிருதுவான தண்ணீரால் வந்தது. கியோட்டோ என்றதும் நமக்கு மரக்கோயில் ஞாபகம் வருகிறது, அதைச் சுலபமாகப் போட்டோ எடுக்கலாம். கிணற்றை யார் போட்டோ எடுக்கிறார்கள்?

இது ஒன்றும் இப்போது கண்டுபிடித்த கவலை இல்லை. ஊரின் தெற்கே ஃபுஷிமியில் சாக்கே வடிக்கும் வீடுகள் வரிசையாக இருக்கின்றன. 1920களில் நாராவுக்குப் போகும் மின்சார ரயிலை அந்த வழியாகத் தரைக்கு அடியில் விடத் திட்டம் போட்டபோது சாக்கே காரர்கள் ஒன்று சேர்ந்து எங்கள் ஊற்று போய்விடும் என்று நின்றுவிட்டார்கள். பாதை தூண்மேல் ஏறியது. 1928இல் திறந்தது, இன்றும் அங்கே மேலேதான் ஓடுகிறது. அந்த ஊரில் கண்ணுக்குத் தெரியும்படி ரயில் ஓடுவதுதான் பாரம்பரியத்தைக் காப்பாற்றியது. பூனைவால் நண்பர் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பூனைவால்:
யோசிக்கிறேன். நிஜமாகவே எனக்கு இது தெரியாது.

ஒசாகாவாசி:
கிணத்தடி தொட்டது இப்போது அங்கே எரிந்துகொண்டிருக்கும் விஷயம். வரைபலகை, உங்கள் ஸ்டுடியோ வேலைக்கு நேரடியாக உதவும், கேளுங்கள்.

ஹொக்குரிக்கு ஷின்கான்சென் என்ற இன்னொரு புல்லட் ரயில் பாதை 2024 மார்ச் 16 அன்று சுருகா என்ற ஊர் வரை வந்துவிட்டது. அடுத்து ஒபாமா என்ற ஊர் வழியாக கியோட்டோ வந்து ஒசாகா போக வேண்டும் என்பது திட்டம். கியோட்டோவில் அது நிலத்தடியில். 1964 பாதைக்குப் பக்கத்தில் இன்னொரு தூண்பாதைக்கு இடமில்லை, மேலே எழுப்பினால் மெதுவண்டி அண்ணா மாதிரி லட்சம் பேர் அங்கே இருக்கிறார்கள். மூன்று யோசனை வைத்தார்கள்: இப்போதைய நிலையத்துக்கு அடியில் கிழக்கு–மேற்காக ஒன்று, வடக்கு–தெற்காக ஒன்று, மேற்கே கட்சுராகாவா அருகே ஒன்று. 2024 டிசம்பரில் கிழக்கு–மேற்கைக் கைவிட்டார்கள். கட்சுராகாவா கியோட்டோவிலிருந்து உள்ளூர் வண்டியில் இரண்டாவது நிறுத்தம்தான், ஆனாலும் மாறி ஏற வேண்டும். செங்கல்சூளை சொன்ன அவினியோன் தலைவலியின் சின்ன வடிவம்.

செலவு 2016இல் போட்ட மதிப்பு சுமார் 2.1 லட்சம் கோடி யென், 2024இல் திரும்பப் போட்டபோது அதைவிட மிக அதிகம். வேலைக்கு 20 வருஷத்துக்கும் மேல் ஆகலாம் என்கிறார்கள். ஃபுஷிமி சாக்கே சங்கம் தண்ணீர் பற்றிக் கவலை தெரிவித்தது, கியோட்டோ பௌத்த சங்கம் வெளிப்படையாக எதிர்த்தது. முன்பு உயரத்துக்காகச் சண்டை போட்ட அதே கோயில்கள்தான் இப்போது ஆழத்துக்காக நிற்கின்றன.

பயம் வெறும் கற்பனை இல்லை. மத்திய ஜப்பானில் காந்த ரயிலுக்குச் சுரங்கம் போட்டபோது 2024இல் மிசுனாமி என்ற ஊரில் கிணறுகளிலும் குளத்திலும் நீர்மட்டம் இறங்கியது. டோக்கியோவில் சோஃபு என்ற இடத்தில் 40 மீட்டருக்குக் கீழே நெடுஞ்சாலைச் சுரங்கம் தோண்டும்போது 2020இல் மேலே தெரு உள்வாங்கியது. 40 மீட்டருக்குக் கீழே போனால் நிலத்துக்காரருக்குப் பொதுவாக இழப்பீடு தர வேண்டியதில்லை என்று இங்கே ஒரு சட்டம் உண்டு, 2001இல் நடைமுறைக்கு வந்தது. அவ்வளவு ஆழத்தில் நடப்பது மேலே யாரையும் தொடாது என்ற நம்பிக்கையில் எழுதிய சட்டம். சோஃபு தெருக்காரர்கள் என்ன நினைக்கிறார்களோ.

மெதுவண்டி:
நான் என் பங்குக்கு ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். 60 மீட்டர் கட்டடம் பிடிக்கவில்லை என்றால் ஒருநாள் இடித்துவிடலாம். 1950இல் எரிந்துபோன பழைய ஸ்டேஷனுக்குப் பதில் 1952இல் ஒன்று கட்டினார்கள், அதையும் இடித்துத்தான் இது வந்தது. மண்ணுக்குள் இறக்கிய பெட்டியை யாரும் வெளியே எடுக்கப் போவதில்லை.

ஆனாலும் அந்தக் கட்டடம் எனக்குப் பிடிக்காது. இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தூசிவரைபடம்:
மண் என்றால் தண்ணீர் மட்டும் இல்லை. 1981இல் திறந்த கராசுமா சுரங்க ரயிலுக்குத் தோண்டியபோது தெரு நெடுகப் பழைய நகரத்தின் அடுக்குகள் வந்தன, அகழாய்வு செய்துகொண்டேதான் முன்னேறினார்கள். இயந்திரத்தால் துளைக்கும் சுரங்கம் ஆழத்தில் போய்விடும், அந்த அடுக்குகளைத் தொடாது. நிலையம் அப்படி இல்லை, மேலிருந்து திறந்து தோண்ட வேண்டும். ஆக, பாதையைவிட நிலையம்தான் எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும்.

வரைபலகை:
எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு முழுக்க இதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

உண்மையைச் சொல்கிறேன், முதல் தாளில் முகப்பைத்தான் வரைந்திருந்தேன். மூங்கில் திரை மாதிரி ஒன்று, தோஜி கோபுரத்தின் கூரைச்சாய்வை எடுத்து அதில் வைத்திருந்தேன். செங்கல்சூளை எழுதிய கல்யாண மண்டபத்தைப் படித்ததும் அதைச் சுருட்டிப் பரண்மேல் போட்டுவிட்டேன்.

இப்போது யோசிப்பது இது: வடக்கு–தெற்கு யோசனையை எடுத்துக்கொள்கிறேன். கியோட்டோவின் நிலத்தடி நீர் பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்காகச் சரிகிறது என்றால், பெட்டி அதே திசையில் நீளவாக்கில் படுத்தால் மறிப்பது குறைவாகத்தானே இருக்கும்? ஆற்றில் படகை நீளவாக்கில் நிறுத்துவது மாதிரி. கிழக்கு–மேற்காகப் படுத்தால்தான் முழு அணை. மேலே ஹச்சிஜோ வாசல் பக்கம் ஒரு தாழ்வான கூடம் மட்டும், தெற்கிலிருந்து நடந்து வருகிறவன் பின்வாசலில் நுழைவது மாதிரி உணராதபடி. 25 மீட்டரா இன்னும் ஆழமா என்பது தெரியவில்லை, அதற்கு முதலில் நீர்மட்டம் வேண்டும்.

தவறு இருந்தால் சொல்லுங்கள். திங்கட்கிழமை மதிப்பீடு.

தூசிவரைபடம்:
திசை யோசனை சரியானதுதான், ஆனால் முழுசாக நம்பிவிடாதீர்கள். பெட்டியின் இரண்டு முனையிலும் சுரங்கம் வளைந்து ஒசாகா பக்கம் திரும்பியாக வேண்டும். படகு நேராக நின்றாலும் அதன் கயிறு குறுக்கே போகும். வெட்டுமுகத்தில் நீர்மட்டக் கோட்டை மழைக்காலத்துக்கு ஒன்று, வறண்ட காலத்துக்கு ஒன்று என்று இரண்டாக வரையுங்கள். ஒரே கோடு போட்டால் நல்ல வாத்தியார் உடனே பிடித்துவிடுவார்.

கிணத்தடி:
தாளின் ஓரத்தில் ஃபுஷிமியையும் குறித்துவிடுங்கள், எவ்வளவு தூரம் என்று. எட்டாத தூரத்தில் இருக்கிறது என்று யாராவது சொன்னால் 1928ஐச் சொல்லுங்கள்.

ஒசாகாவாசி:
அடுத்த வாரம் அந்தப் பக்கம் போகிறேன். ஃபுஷிமியில் கோகோனோமியா என்று ஒரு கோயில், வாசலுக்கு உள்ளே ஊற்றுத் தண்ணீர் பிடிக்கும் இடம் இருக்கிறது, ஊர்க்காரர்கள் கேனோடு வந்து வரிசையில் நிற்பார்கள். போட்டோ எடுத்துப் போடுகிறேன். கிணத்தடி கேட்டாரே, யார் கிணற்றைப் போட்டோ எடுக்கிறார்கள் என்று.